கழுவிக் கொண்டுவந்த வண்டி

“தாமர, நான் மறுபடியும் வந்துட்டேன்.”

“வாங்க ஆன்டி. அதே சத்தமா?”

“அதேதான். புதுசா வேற ஒண்ணு வந்தாலாச்சும் ஒங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்.”

அஞ்சம்மாள் சாவியை மேசைமேல் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

“எப்ப வருது ஆன்டி?”

“கெளம்பறப்ப அடியில ஒரு குலுக்கல். யாரோ கீழ படுத்துக்கிட்டுத் தட்டற மாதிரி. அப்பறம் அம்பது அறுபதுல போனா ஒரு உறுமல். சீட்டு வழியா அப்படியே முதுகுல ஏறும்.”

“ஸ்டியரிங் ஆடுதா?”

“கை சும்மாதான் இருக்கு. எல்லாம் காலுக்குக் கீழதான்.”

“எப்பவும் வருமா?”

“தெனமும் வருது. இங்க வந்தா மட்டும் வராது. அதான் வயித்தெரிச்சல்.”

உள்ளேயிருந்து ஃபோர்மனின் குரல் வந்தது. “அக்கா, ஒங்க வண்டிக்கு என்னப் பாத்தா பயம்லா!”

“ஒன்னப் பாத்தா? ஒன் பொஞ்சாதியே பயப்படமாட்டா, போப்பா.”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அஞ்சம்மாளும் சிரித்தார். பிறகு மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தாமர, இந்தத் தடவையும் ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டா வண்டியக் குடுத்துடறேன்னு என் மகன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம வாங்கறதுக்கு ஆள் வராங்க.”

தாமரை சாவியை எடுத்துக்கொண்டாள். “நல்லா பாக்கச் சொல்றேன் ஆன்டி” என்று மட்டும் சொன்னாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை.

தாமரை அப்போது கிள்ளானில், பந்திங் போகும் சாலையை ஒட்டிய ஒரு வாகனப் பட்டறையில் முன்மேசை வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கிளம்பி ரயிலில் வந்து, மாலையில் அதே ரயிலில் நின்றுகொண்டே திரும்புகிற வேலை. வருகிறவர்கள் சொல்லும் குறையை உள்ளே ஃபோர்மன் கன்னையாவிடம் சொல்ல வேண்டும். கன்னையா கண்டுபிடித்ததை வெளியே வந்து சொல்ல வேண்டும். அதிகம் பேசாத பெண்ணுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று அவளுடைய அம்மாவே ஆச்சரியப்படுவார். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். அதுதான் காரணம் என்று கன்னையா சொல்வார். ஆனால் அஞ்சம்மாளின் வண்டி விஷயத்தில் கூட்டவும் குறைக்கவும் எதுவும் மிச்சமில்லாமல் போய்விட்டது.

வண்டி பழைய நான்கு சக்கர இழுவைப் பிக்கப். கிள்ளானில் எல்லாரும் அதை ‘ஃபோர்வீல்’ என்றுதான் சொல்வார்கள். முதல் தடவை சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்த்தார்கள். அடுத்த தடவை டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டார்கள். அதற்கடுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் நீண்ட இரும்புத் தண்டின் மூட்டுகளைக் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். ஷாஃப்ட் என்று அவர்கள் சொல்வது அந்தத் தண்டைத்தான். கன்னையா ஒன்றும் கவனமில்லாமல் வேலை செய்கிறவர் அல்ல. கை ஆடினால் முன்சக்கரம், இருக்கை ஆடினால் பின்பக்கம் என்று பிரித்துப் பார்த்தார். இரண்டு சக்கர இழுவையிலும் நான்கு சக்கர இழுவையிலும் ஓட்டிப் பார்த்தார். ஓடும்போது கியரை விடுவித்து வெறுமனே உருள விட்டும் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பண்டமாரான் வரை போய்த் திரும்பி வந்து, சாவியைத் தாமரையின் மேசையில் போட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். இந்த ஆட்டத்துக்கு இல்லை என்று பொருள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வந்தார்.

“சுத்தமா ஒண்ணுமில்ல தாமர. வண்டி வெண்ண மாதிரி போகுது. மேல தூக்கியும் பாத்துட்டேன், எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு. நீயே சொல்லிடு. எனக்கு அந்த அக்கா மொகத்தப் பாக்க முடியல.”

அந்த முகத்தைத் தாமரைதான் பார்க்க வேண்டியிருந்தது.

அஞ்சம்மாள் காத்திருப்போர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். பட்டறைக்கு வரும்போதெல்லாம் அவர் இஸ்திரி போட்ட பூப்போட்ட சுடிதாரில்தான் வருவார். நெற்றியில் திருநீறும் கழுத்தில் பவுடரும் இருக்கும். வண்டியும் அதே மாதிரிதான், டயர் வரைக்கும் கழுவித் துடைத்திருக்கும். பின்தட்டில் ஒரு தூசி இருக்காது. “கல்யாணத்துக்குப் போற வண்டி வந்துடுச்சு” என்று கன்னையா கேலி செய்வார். தோட்டத்துக்குச் சாமான் ஏற்றுகிறேன் என்று அஞ்சம்மாள் தாமரையிடம் ஒரு தடவை சொல்லியிருந்தார். என்ன சாமான் என்று அவள் கேட்டதில்லை.

“ஒண்ணுமில்லேங்கறாங்க, அப்படித்தானே?” என்று தாமரை வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்.

“கன்னையா அண்ணன் ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தாரு ஆன்டி.”

“பாத்திருப்பாரு. நல்ல மனுசன்.” சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கோபித்திருந்தால்கூடத் தாமரைக்குச் சுலபமாக இருந்திருக்கும். “குரு போன மாசமே சொல்லிட்டான். காதுல இரைச்சல் வர்ற வயசும்மா ஒங்களுக்கு, டாக்டர்கிட்ட போலாம்னு. செமினியில வீடு வாங்கிட்டான். கீழ ஒரு ரூம் எனக்குன்னு போட்டு வச்சிருக்கான். காத்தாடி, டீவி எல்லாம் இருக்கு. அவன் கெட்டவன் இல்ல, தாமர. அதான் கஷ்டம்.”

குரு அவருடைய ஒரே மகன். கோலாலம்பூரில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலை. அஞ்சம்மாளின் மற்ற கதையைத் தாமரை இந்த நாற்காலிப் பேச்சுகளில் துண்டு துண்டாகக் கேட்டு அறிந்திருந்தாள்.

அவர் கேரித் தீவின் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். படிப்பு நின்றதும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கப் போனார். கணவர் சின்னையா அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, கையில் கிடைத்ததைப் போட்டு சின்னையா இந்த ஃபோர்வீலை வாங்கினார். சின்னச் சின்னத் தோட்டக்காரர்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில். மழை பெய்தால் அந்தச் செம்மண் பாதைகளில் லோரி இறங்காது, ஃபோர்வீல்தான் போகும். பத்து வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சர்க்கரை நோய் முற்றிச் சின்னையாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டீசல் மிதியை அழுத்தக் கால் இல்லை. ஐம்பதை நெருங்கிய வயதில் அஞ்சம்மாள் வண்டி பழகினார். பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்து சின்னையா கத்திக்கொண்டே வருவாராம். “அவரு கத்துன கத்துல எனக்கு எஞ்சின் சத்தமே கேக்காது” என்பார் அஞ்சம்மாள். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பதில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை உரிமம் வாங்கினார். சின்னையா போன பிறகும் அந்த வழியை விடவில்லை. போகும்போது ஒரு சுமை, வரும்போது தேங்காயோ வாழைத்தாரோ இன்னொரு சுமை. காலி வண்டியை ஓட்டுவது டீசலைத் தரையில் ஊற்றுவது என்பது சின்னையாவின் சட்டம். அதை அவர் கடைப்பிடித்தார்.

“செமினியில நான் என்னத்த ஏத்துவேன்?” என்று அன்றைக்குக் கேட்டார். தாமரையிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

ஐந்து மணிக்குத் தாமரை மேசையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வானம் கறுத்திருந்தது. ஃபோர்வீல் இன்னும் வாசலில் நின்றது.

“ஏறு. மழை வரப்போகுது. ஸ்டேஷன்ல எறக்கி விடறேன்.”

வழக்கமாகத் தாமரை யாருடைய வண்டியிலும் ஏறமாட்டாள். அன்றைக்கு மறுக்கக்கூடத் தெம்பில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. தாமரை காலடியில் கவனம் வைத்தாள். ஒரு குலுக்கலும் இல்லை. ஐம்பதைத் தாண்டியது. உறுமலும் இல்லை. அஞ்சம்மாளும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தார்.

“பாத்தியா? வாய மூடிக்கிட்டு வருது, திருட்டுக் கழுத.” பிறகு, “வழியில ரெண்டு நிமிசம் நிக்கணும். மூட்டய ஏத்திக்கணும்” என்றார்.

சாலையோரத்தில் மாரியாயி என்ற அவருடைய தோழி பூச்செடி நர்சரி வைத்திருந்தார். வண்டியைக் கண்டதும் மாரியாயி, “என்னடி, மாப்பிள்ள வீடு பாத்துட்டு வந்துட்டியா?” என்று கேட்டுக்கொண்டே கொட்டகையின் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே மூட்டைகள் அடுக்கியிருந்தன. நர்சரியில் வேலை செய்யும் இரண்டு ஆட்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பின்தட்டில் எறிய ஆரம்பித்தார்கள். முதல் மூட்டை விழுந்ததுமே தாமரைக்குப் புரிந்துவிட்டது. அவள் துப்பட்டாவை மூக்கருகே கொண்டுபோய், அஞ்சம்மாள் பார்ப்பதைப் பார்த்ததும் கீழே விட்டாள்.

“கோழி எரு” என்றார் அஞ்சம்மாள். “காப்பார்ல பண்ணையில எடுக்கறேன். இந்த நாத்தம் ஒனக்கு ஒத்துக்காது. கண்ணாடிய எறக்கி விட்டுக்கோ.”

மூட்டைகள் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி தாழ்ந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். அஞ்சம்மாள் முதல் கியரைப் போட்டார்.

தாமரையின் பாதங்களுக்குக் கீழே, யாரோ படுத்துக்கொண்டு தட்டுவதுபோல, தட தடவென்று ஒரு குலுக்கல் வந்தது.

அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி சாலைக்கு ஏறி வேகம் எடுத்தது. ஐம்பது வந்தபோது அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு உறுமல் கிளம்பி, இருக்கையில் ஏறி, முதுகுக்கு வந்தது. அஞ்சம்மாள் எப்படிச் சொன்னாரோ அப்படியே.

“ஆன்டி, நிறுத்துங்க.”

“என்னாச்சு? வாந்தி வருதா?”

“கேக்குது. எனக்கும் கேக்குது.”

அஞ்சம்மாள் வண்டியை ஓரமாக நிறுத்தினார். தாமரையின் பக்கம் திரும்பினார். முதல் துளிகள் விழ ஆரம்பித்தன.

“ஆன்டி, எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வர்றப்பல்லாம் மூட்டய எறக்கிட்டுத்தான் வருவீங்களா?”

“பின்ன? நாலு பேரு வந்து ஒக்கார்ற எடம். இந்த நாத்தத்தோட எப்படி வர்றது? மாரியாயிகிட்ட எறக்கி, பைப்பு போட்டுக் கழுவி, அவ வீட்லயே துணி மாத்திக்கிட்டு வருவேன்.”

“காலி வண்டியில சத்தம் வராதுன்னு தோணலயா?”

“நான் எங்கம்மா காலி வண்டி ஓட்டறேன்? ஒங்க கடைக்கு வர்ற இந்த ரெண்டு மைலுதான். ஒங்ககிட்ட வந்தா அடங்கிடுதுன்னுதான் நெனச்சேன்.”

தாமரைக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இத்தனை தடவை கழற்றி மாட்டியதும் காத்திருந்ததும் நினைவுக்கு வந்து ஓர் அலுப்புத்தான் வந்தது. “திரும்புங்க ஆன்டி. இப்பவே, இப்படியே போவோம். ஆறு மணி வரைக்கும் அண்ணன் இருப்பாரு.”

“இப்படியேவா? மாட்டேன்.”

“மூட்டையோட பாத்தாத்தான் தெரியும்.”

“தெரிய வேணாம். நீ போய் வாயால சொல்லு.”

“வாயால சொல்லித்தானே ஆன்டி இத்தன மாசம் போச்சு?”

அஞ்சம்மாள் வைப்பரைப் போட்டார். “நீ அங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, ஒரு தடவ பிரேக்கு பாக்க மூட்டையோட வந்தேன்” என்றார். “ஒக்காந்திருந்த சீனத்தம்மா மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய போய் நின்னுக்கிட்டாங்க. உள்ள இருந்து ஒரு சத்தம், யாருப்பா கோழிப்பண்ணய ஓட்டிக்கிட்டு வந்ததுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுக்கப்பறம் அப்படி வர்றதில்ல.”

அந்தக் குரல் யாருடையது என்று தாமரை கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

“ஞாயித்துக்கெழம ஆள் வராங்க ஆன்டி” என்று மட்டும் சொன்னாள்.

அஞ்சம்மாள் வண்டியைத் திருப்பினார்.

பட்டறையில் அப்போது வேறு வாடிக்கையாளர்கள் இல்லை. கன்னையா கை கழுவிக்கொண்டிருந்தார். ஃபோர்வீல் உள்ளே நுழைந்ததும் அவர் மூக்கைச் சுளித்து, “அடேயப்பா, யாரு இது…” என்று ஆரம்பித்து, ஓட்டுகிறவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

தாமரை விஷயத்தைச் சொன்னாள். கன்னையா சாவியை வாங்கிக்கொண்டு மழையிலேயே கிளம்பினார். பண்டமாரான் வரை போகவில்லை. முதல் சந்திப்பிலேயே திரும்பி வந்துவிட்டார். வண்டியை இந்த முறை மேலே தூக்கவில்லை. அடியிலிருந்து வேலை பார்க்கும் பழைய குழியின்மேல், சுமையோடு, நாலு சக்கரமும் தரையில் இருக்க நிறுத்தினார். விளக்கை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். ஒரு கடப்பாரையால் எதையோ நெம்பும் சத்தம் கேட்டது.

“தாமர, இங்க வந்து பாரு. அக்கா, நீங்களும் வாங்க.”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அந்த நீண்ட ஷாஃப்ட் இரண்டு துண்டாக ஓடுகிறது. நடுவில் அதைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பேரிங், அதைச் சுற்றி ரப்பர். கன்னையா கடப்பாரையால் நெம்பியதும் அந்த ரப்பர் மேல்பக்கத்தில் வாய் பிளந்தது. பாதிக்கு மேல் கிழிந்திருந்தது.

“காலியா இருந்தா ஷாஃப்ட்டு நேரா ஒக்காந்துடுது. கிழிஞ்ச எடம் மூடிக்குது. தூக்கிப் பாத்தா சக்கரம் தொங்கும், அப்பவும் தெரியாது. லோடு ஏறுனா பின்னாடி தாழுது, ஷாஃப்ட்டு கோணுது, கெளம்பறப்ப துள்ளி அடிக்குது.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “லோடு ஏத்தறீங்களான்னு நான் கேட்டிருக்கணும். வண்டி பளபளன்னு வந்துச்சா, கோயிலுக்கும் பாசாருக்கும் போற வண்டின்னு இருந்துட்டேன். நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமேக்கா. எருன்னா என்ன, எங்க அப்பா அள்ளாத எருவா?”

“நீதானப்பா கோழிப்பண்ணன்னு சொன்ன?”

“நானா? எப்ப?”

அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. அது முகத்தில் தெரிந்தது. அஞ்சம்மாள், “சாமான் எப்பக் கெடைக்கும்?” என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானத்துக்குள் பேரிங் வந்தது. கன்னையா மாட்டினார். அஞ்சம்மாள் சனிக்கிழமை வேலை உடுப்பில்தான் வந்திருந்தார்: கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, டிராக் பேன்ட், தலையில் துண்டு. தாமரை அவரை அந்தக் கோலத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூட்டைகள் அப்படியே இருக்க, அவரே ஓட்டிப் போய்ப் பண்டமாரானில் திரும்பி வந்தார். கன்னையாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். இந்த ஆட்டத்துக்கு ஆமாம் என்று பொருள்.

பிறகு வாசலில் நின்று மகனுக்குப் போன் செய்தார். தாமரைக்கு ஒரு பக்கம்தான் கேட்டது.

“இல்லப்பா, கண்டுபிடிச்சுட்டாங்க… என் கண்ணால பாத்தேன்… அப்படிச் சொல்லாத… சும்மா ஒரு சாமான மாத்திட்டு அனுப்பல குரு, கிழிஞ்சதக் காட்டுனாங்க… காதுக்கும் இதுக்கும் என்னப்பா… வாக்குக் குடுத்தேன், இல்லேங்கல… நாளைக்கு வாங்கறவரு வரட்டும்ங்கறியா?… சரி. சரிப்பா. சாப்ட்டியா?”

போனைப் பையில் போட்டார். ஒரு நாற்காலியின் ஓரத்தில், உடுப்பு படாமல் உட்காரப் பார்த்து, பிறகு வேண்டாமென்று நின்றுகொண்டார். கன்னையா உள்ளே ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். அஞ்சம்மாள் அந்தச் சத்தம் ஓய்ந்ததும் மேசையருகே வந்தார். மேசையைத் தொடவில்லை.

“ஒனக்குப் பேசப் புடிக்காதுன்னு தெரியும் தாமர. இருந்தாலும் கேக்கறேன். குருவுக்கு நீ ஒரு போன் போடும்மா. வண்டிக்கு என்னன்னு சொல்லு, ஒன் காதாலயும் கேட்டேன்னு சொல்லு. இங்கிலீஷ்ல சொல்லும்மா. தமிழ்ல சொன்னா அவனுக்கு நான் பேசற மாதிரியே இருக்கும்.”